கருப்பட்டி கொடுத்தால் ஆகாதா?

கேள்வி: டாக்டரய்யா, எம் பேத்திக்கு மூணு வயசு. ஓயாத வயித்துப்போக்கு, முகமெல்லாம் வீக்கம். சர்க்கரை இறங்கி வெட்டும் வந்துட்டு. மரபணு சோதனை பாத்து 'எம்.பி.ஐ-சி.டி.ஜி'னு எழுதித் தந்திருக்காவ. மருந்து என்னன்னா மன்னோஸ்னு ஒரு சர்க்கரைப் பொடி! சர்க்கரைதான் மருந்துன்னா, நாங்க காய்ச்சுத கருப்பட்டியையே கரைச்சுக் கொடுத்தா ஆகாதா?
– ஓர் ஆச்சி, திசையன்விளை

பதில்: ஆகாது ஆச்சி. உங்க ஊர்ப் பக்கம் வந்தால் கருப்பட்டி வாங்காமல் நான் திரும்புவதில்லை. அது வேறு விஷயம். கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ். குடலில் அது குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று பிரியும். மன்னோஸ் அதில் கிடைக்காது.

உடம்பு தன் புரதங்கள் பலவற்றின் மேல் சர்க்கரைச் சங்கிலி கோக்கிறது. அந்தக் கோர்ப்பில் வரும் பிறவிக் கோளாறுகளுக்குப் பொதுப்பெயர்தான் சி.டி.ஜி. அதற்கு மன்னோஸ்-6-பாஸ்பேட் வேண்டும். நமக்கெல்லாம் எம்.பி.ஐ என்ற நொதி, பிரக்டோஸ்-6-பாஸ்பேட்டிலிருந்து அதை ஆக்கிவிடும். பேத்திக்கு அந்த மதகு அடைத்துக் கிடக்கிறது. மன்னோஸையே கொடுத்தால் வேறொரு நொதி அதை நேரே மாற்றிவிடும், மதகைச் சுற்றிப் போகிற வாய்க்கால் மாதிரி. இப்படிக் கொடுத்துக் குழந்தை தேறியதை ஜெர்மனி மருத்துவர்கள் 1998-ல் எழுதினார்கள். குடல் வழியே புரதம் கசிவதால்தான் முகம் வீங்குகிறது. கசிவு நின்றால் வீக்கமும் வடியும்.

வழக்கமான அளவு, எடையில் கிலோவுக்கு 150 முதல் 170 மில்லிகிராம், நாளுக்கு நாலைந்து வேளை. 12 கிலோ பிள்ளைக்கு வேளைக்கு ஏறக்குறைய 2 கிராம். ரத்தத்தில் சில மணி நேரமே தங்குவதால் இத்தனை வேளை. உங்க டாக்டர் எழுதிய அளவே கணக்கு. காப்பிக் கரண்டியில் அள்ளாதீங்க, கிராம் தராசில் நிறுங்க. பிள்ளை எடை கூடினால் அளவை மாற்றச் சொல்லிக் கேளுங்க. பெரியவங்க நீர்க்கடுப்புக்கு விற்கிற மன்னோஸ் டப்பாக்களில் வேறு சரக்கும் கலந்திருக்கும். கேட்காமல் வாங்க வேண்டாம்.

பொடி கூடிப்போனால் வயிறு போகும். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே கூட்டிப் போங்க. வயிறு தேறினாலும் ஈரல் தழும்பேறலாம். அதனால் ஸ்கேனை விட்டுவிடாதீங்க.

'சி.டி.ஜி' என்று பெயர் கேட்டதும் பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு இந்தப் பொடியைப் பங்கு வைத்துவிடவும் வேண்டாம். அதில் அதிகம் காண்கிற பி.எம்.எம்-2 வகைக்கு மன்னோஸ் உதவாது. பி.ஜி.எம்-1 வகைக்குக் கேலக்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையைக் கொடுப்பார்கள். அதே கேலக்டோஸ், அதை உடம்பு மாற்ற முடியாத கேலக்டோசீமியா நோயுள்ள பிள்ளைக்கு நஞ்சு.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்த கோளாறு இது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் முடித்திருந்தால் வாய்ப்பு கூடுதல். அடுத்த பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உண்டாவதற்கு முன்பே மரபணு மருத்துவரைப் பார்த்துவிடச் சொல்லுங்க.