கம்பியில் சிக்கிய ஒற்றை முடி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதி வாசகி ஒருவரின் கேள்வி: "ஜன்னல் கண்ணாடியை உடைத்து வீட்டில் திருட்டு. ஜன்னலில் திருடனைத் தடுக்கப் போட்ட பர்க்லர் கார்ட் கம்பியில் நீள முடி ஒன்று சிக்கியிருந்தது. எடுத்து சான்ட்விச் பையில் போட்டு வைத்திருக்கிறேன். போலீஸ் இன்னும் வரவில்லை. இதை வைத்து ஆளைப் பிடிக்கலாமா? இல்லை, திரும்பக் கம்பியிலேயே மாட்டிவிடட்டுமா?"

மாட்டாதீர்கள். எடுத்ததைக்கூடச் சமாளிக்கலாம், திரும்ப வைத்தால் கோர்ட்டில் அந்த முடிக்கு மதிப்பே இருக்காது. எந்தக் கம்பி, தரையிலிருந்து எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், வெறுங்கையாலா என்பதை எழுதி வைத்து, வரும் அதிகாரியிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

அடுத்து, பையை மாற்றுங்கள். டர்பன் புழுக்கத்தில் மூடிய பிளாஸ்டிக்குக்குள் ஈரம் தங்கும். பூஞ்சை பிடித்தால் வேரில் ஒட்டிய செல்களின் டிஎன்ஏ சிதையும். கையுறை போட்டு, புது வெள்ளைத் தாளின் நடுவில் பையை மெல்லத் தட்டுங்கள். தாளை மூன்றாக மடித்து, இரு முனைகளையும் உள்ளே மடக்கி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிக் காகித உறையில் வையுங்கள். முடி பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டால் சுரண்டாமல், பையை வாய் திறந்தபடியே உறைக்குள் வைத்துவிடலாம். உறையை எச்சில் தொட்டு ஒட்டினால் உங்கள் டிஎன்ஏவும் சேர்ந்துவிடும். டேப் போடுங்கள், மூலைகளுக்கும் சேர்த்து. முடி நழுவுவது அங்கேதான்.

ஆளைப் பிடிக்கலாமா என்பது வேரைப் பொறுத்தது. பிடுங்கப்பட்ட முடியில் வேரோடு சதை ஒட்டியிருந்தால் முழு டிஎன்ஏ ப்ரொஃபைல் கிடைக்க வாய்ப்புண்டு. தானாக உதிர்ந்ததில் (தலையிலிருந்து நாளுக்கு 50 முதல் 100 வரை உதிரும்) அது அரிது. வேரில்லாத தண்டில் பொதுவாக மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏதான் கிடைக்கும். அது தாய்வழி வருவது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளை அதை வைத்துப் பிரித்தறிய முடியாது.

மைக்ரோஸ்கோப்பில் முடியின் உள்ளே நடுவில் ஓடும் மையப்பகுதியின் (மெடுல்லா) அகலத்தைப் பார்ப்பார்கள். மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவென்றால் பெரும்பாலும் மனித முடி. பாதிக்கு மேலென்றால் நாயோ பூனையோ. 'இன்னாருடைய முடிதான்' என்று வெறும் ஒப்பீட்டில் சொல்ல முடியாது. அமெரிக்க எஃப்பிஐ அப்படிச் சொல்லித்தான் சூடுபட்டது: மறுஆய்வு செய்த சாட்சியங்களில் குறைந்தது 90 சதவீதத்தில் பிழையான கூற்றுகள் இருந்ததை 2015-இல் ஒப்புக்கொண்டது.

நீள முடி என்கிறீர்களே, விக் முடியாகவும் இருக்கலாம். இங்கே 'இந்தியன் ஹேர்' என்று விற்பதில் கோயில் காணிக்கை முடியும் உண்டு. வெட்டிய முடியென்பதால் வேர் இருக்காது. சோதித்தால் திருடியவரின் தாய்வழி கிடைக்காது. திருப்பதியில் மொட்டை போட்ட யாரோ ஒருவருடையதுதான் கிடைக்கும்.

என்னைக் கேட்டால், இந்த முடியைவிட உடைந்த கண்ணாடிதான் முக்கியம். அதில் கைரேகை இருக்கலாம், கை கிழிந்திருந்தால் ரத்தமும் இருக்கலாம். போலீஸ் அவசர எண் 10111-ஐ மறுபடி அழைத்து, கைரேகை எடுப்பவர்கள் வர வேண்டும் என்று கேளுங்கள். இன்சூரன்ஸுக்கு கேஸ் நம்பரும் வேண்டும். அதுவரை துண்டுகளைக் கூட்டாதீர்கள். வெளியே கிடப்பதன் மேல் மழை விழும்போல் இருந்தால், தொடாமல் ஒரு வாளியைக் கவிழ்த்து மூடி வையுங்கள்.