கயிற்றின் மறுமுனையில்

தங்கச்சி, சுவிசுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, வரும் கோடையில் ஐந்து நாள் ஆரம்ப மலையேற்றப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்க ஆசை, ஆனால் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பனியை இந்த மார்கழியில்தான் முதன்முதலாகக் கண்டீர்கள். ஜெர்மன் இன்னும் பிடிபடவில்லை. மலைக்குடிலில் ஆணும் பெண்ணும் ஒரே அறையில் படுப்பார்களாம், அது சரிவருமா என்றும் கேட்டீர்கள்.

போங்கள். இதே மூன்று பயத்தோடும் நான் போனபோது எனக்கு நாற்பத்தொரு வயது. பிள்ளைகள் இருவரையும் கணவரிடம் விட்டுவிட்டுப் போனேன். பதினான்கு வருடமாகிறது. அதற்குப் பிறகு ஒரு கோடையைக்கூட நான் தவறவிட்டதில்லை.

உடம்பில் பெரிய பலம் வேண்டும் என்று நினைக்காதீர்கள். எட்டு, பத்துக் கிலோ பையோடு நான்கு மணி நேரம் மேட்டில் நடக்க முடிந்தால் போதும். இப்போதிருந்தே வெள்ளை சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட மலைப்பாதைகளில் ஞாயிறுகளில் நடங்கள். ஒரு மணி நேரத்தில் 300 மீட்டர் உயரம், மூச்சு வாங்காமல், நிற்காமல். அதைவிட வேகம் தேவையில்லை. வழிகாட்டி முதல் நாள் நடக்கும் நடையைப் பார்த்தால் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறார் என்று தோன்றும். 3000 மீட்டருக்கு மேலே, ஒவ்வொரு அடிக்கும் மூச்சை எண்ணி விடும்போது, காரணம் தானாக விளங்கும்.

நான் போனது சுஸ்டன் கணவாய்ப் பக்கம். மைரிங்கன் என்ற ஊரில் இருந்து கோடையில் மட்டும் ஓடும் மஞ்சள் தபால் பஸ்ஸில் ஷ்டைன்கிளெட்சர் வரை போய், அங்கிருந்து 2795 மீட்டரில் இருக்கும் டீயர்பெர்க்லி குடிலுக்கு ஏறினோம். ஆரம்பப் பயிற்சிக்கு அது நல்ல இடம். பனியாறு, அதாவது மலைச்சரிவில் மெல்ல நகரும் பெரிய ஐஸ் பரப்பு, பக்கத்திலேயே இருக்கிறது, 3500 மீட்டர் அளவில் சுஸ்டன்ஹோர்ன் என்ற சிகரமும் இருக்கிறது, கடைசி நாட்களில் அதில் ஏறலாம்.

குடிலை ஹோட்டல் போல நினைத்துப் போகவேண்டாம். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு அங்கே வைத்திருக்கும் செருப்பை மாட்ட வேண்டும். சாமான் ஹெலிகொப்டரில் வருவதால் தண்ணீர்ப் போத்தல்கூட விலைதான். குழாயில் வருவது பல இடங்களில் உருகிய பனித்தண்ணீர், குடிக்க விடமாட்டார்கள். அதனால் இரவே போத்தலில் தேநீர் நிரப்பிக்கொள்வோம். மரக்கறிச் சாப்பாடு வேண்டுமென்றால் பதியும்போதே சொல்லுங்கள், செய்து தருவார்கள். குளிக்க முடியாது.

இனி அந்த அறை. ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை மெத்தைகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். மெல்லிய உறைப்பை ஒன்றை நீங்கள் கொண்டுபோக வேண்டும், அதற்குள் நுழைந்துகொண்டு மேலே குடிலின் போர்வையைப் போடுவீர்கள். நடந்த உடுப்பை மாற்றி நீளக் காற்சட்டையும் சட்டையுமாகத்தான் எல்லோரும் படுப்பார்கள். எனக்கு முதல் இரவு நெஞ்சு படபடத்தது, உண்மை. சுவரோர இடம் தரும்படி குடில்காரரிடம் கேட்டேன், தந்தார். எனக்கு அடுத்து எங்கள் குழுப் பெண் ஒருத்தி படுத்தாள். இரவு பத்து மணிக்கு விளக்கு அணையும், விடிய மூன்றரைக்கு எழும்ப வேண்டும், உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கும். யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒருவருக்கும் தெம்பு இருக்காது. இரண்டாம் இரவு அந்தப் பயத்தின் நினைவே எனக்கு வரவில்லை. காதுக்கு அடைப்பான் மட்டும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

அந்தக் குடிலில் எழுபது தாண்டிய ஒரு அம்மாவோடு சூப் குடித்தேன். எஸ்.ஏ.சி. என்று எல்லோரும் சொல்லும் சுவிஸ் அல்பைன் கிளப் 1863இல் தொடங்கியது. 1907இல் பெண்களை விலக்கியது. பெண்கள் 1918இல் தங்களுக்கென்று தனிக் கிளப் அமைத்தார்கள், 1980இல்தான் இரண்டும் ஒன்றாயின. அந்த அம்மா பெண்கள் கிளப்பில் ஏறப் பழகியவர். தன் பனிக்கோடரியை என் கையில் தந்து பார்க்கச் சொன்னார். மரப்பிடி, கை பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்தது. நாங்கள் அங்கே வெளியாட்கள் என்று நினைத்துக்கொண்டு போனவளுக்கு அன்று இரவு நல்ல தூக்கம்.

பனியாற்றுக்கு வருவோம். அதற்கு இரண்டு முகம் இருக்கிறது. கோடை முற்றும்போது கீழ்ப்பகுதி வெறும் ஐஸாகத் தெரியும். பிளவுகள் கண்ணுக்குத் தெரிவதால் விலகி நடக்கலாம். மேலே போகப் போகப் பனி மூடியிருக்கும். பிளவுக்கு மேல் பனி ஒரு பாலம் போலக் கிடக்கும், பார்த்தால் சமதரை. பயிற்சி முழுவதும் இந்த இரண்டாவது முகத்துக்காகத்தான். முதல் நாள் வெறும் ஐஸில் நடக்கப் பழக்குவார்கள். சப்பாத்தின் அடியில் பூட்டும் இரும்புப் பற்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் பதியும்படி பாதத்தைத் தட்டையாக வைக்கவேண்டும், கால்களைச் சற்று அகட்டி நடக்கவேண்டும். ஒரு பல் மற்றக் காலின் காற்சட்டையில் கொழுவினால் விழுந்துவிடுவீர்கள். தொளதொளத்த காற்சட்டை வேண்டாம் என்று சொல்வது அதற்குத்தான்.

இரண்டாம் நாள் ஒவ்வொருவராகப் பிளவுக்குள் இறக்கினார்கள். விளிம்பைத் தாண்டி நான்கு மீட்டர்தான். ஆனால் மேலே பேசுகிறவர்களின் குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போலக் கேட்டது. சுவர் கண்ணாடிப் போத்தல் நிறத்தில் நீலமாக இருந்தது, உள்ளே வெள்ளைக் குமிழிகள் உறைந்து நின்றன. கழுத்துக்குள் தண்ணீர் சொட்டியது. கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் ஆறு ஓடும் சத்தம். மெல்லிய கயிறொன்றைப் பெரிய கயிற்றில் மூன்று சுற்றுச் சுற்றிப் போடும் புருசிக் முடிச்சு இருக்கிறது. பாரம் விழுந்தால் இறுகும், பாரம் எடுத்தால் வழுக்கும். அப்படி இரண்டு முடிச்சு, ஒன்று இடுப்புப் பட்டிக்கு, ஒன்று காலுக்கு. கையுறையைக் கழற்றினேன், விரல் மரத்தது, சுற்று பிசகியது, திரும்பப் போட்டேன். நான்கு மீட்டர் ஏற இருபது நிமிடம். வீட்டில் கதவுப் பிடியில் கயிறு கட்டி, கண்ணை மூடிக்கொண்டு அந்த முடிச்சைப் போடப் பழகிவிட்டுப் போங்கள். பிறகு நீங்கள் மேலே நின்று மற்றவரை இழுக்க வேண்டிவரும், கப்பி வைத்து பாரத்தைக் குறைக்கும் வித்தையும் அங்கேயே காட்டித் தருவார்கள்.

நான்காம் நாள் சுஸ்டன்ஹோர்னில் இருந்து இறங்கும்போது பதினொரு மணியாகிவிட்டது. இரவுக் குளிரில் இறுகும் பனிப்பாலம் வெயிலேற இளகிவிடும், விடியமுன் புறப்படச் சொல்வதன் காரணம் அது. எல்லோரும் ஒரே கயிற்றில் இடைவெளி விட்டுக் கட்டிக்கொண்டு இறங்கினோம், நான் முன்னால் போனேன். இடது கால் தொடைவரை புதைந்தது, பாதத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை. கத்துவதற்கு முன்பே இடுப்பில் கயிறு இறுகியது. திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் கட்டியிருந்த பேர்ண்காரப் பெண் குதிகாலைப் பனியில் குத்தி அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான்கு நாளில் அவளும் நானும் நூறு சொல்கூடக் கதைத்திருக்கமாட்டோம்.

உங்கள் ஜெர்மன் பயத்துக்கு நான் சொல்லக்கூடியது அதுதான். கயிற்றில் தேவைப்படும் சொற்கள் பத்துக்குள் அடங்கும். ‘ஹால்ட்’ என்றால் நில். ‘ட்சூக்’ என்றால் கயிற்றை இறுக்கு. ‘ஷ்டைன்’ என்று யாராவது கத்தினால் கல் உருண்டு வருகிறது. வழிகாட்டி சுவிஸ் ஜெர்மனில் விளக்கினால் ‘ஹோக்டொய்ச் பிற்றே’, அதாவது எழுத்து ஜெர்மனில் சொல்லுங்கள் தயவுசெய்து, என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். விளங்காமல் தலையாட்டுவது மட்டும் கூடாது. உங்கள் கயிற்றில் இன்னும் மூன்று, நான்கு பேர் இருக்கிறார்கள்.

காசு விஷயம்: மலையேற்றப் பள்ளிகளில் ஐந்து நாளுக்கு ஆயிரம் பிராங்குக்கு மேல் வரும். எஸ்.ஏ.சி.யின் ஊர்க் கிளைகள் நடத்தும் பயிற்சி மலிவு. உறுப்பினர் ஆனால் குடில்களிலும் தங்கும் கட்டணம் குறையும். காப்புறுதியை இப்போதே பாருங்கள். ஒரே முதலாளியிடம் வாரம் எட்டு மணி நேரமாவது வேலை செய்தால், வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் அவர்கள் வழியாகக் காப்பு உண்டு. இல்லையென்றால் மருத்துவக் காப்புறுதியில் விபத்தும் சேர்ந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ரேகா ஹெலிகொப்டர் மீட்புக்கு 1414, வலாய் மாநிலத்தில் 144. கைப்பேசியில் இன்றே பதிந்து வையுங்கள்.

வெயிலையும் லேசாக எடுக்காதீர்கள். நம் தோல் எரியாது என்று நினைத்து நான் முதல் நாள் எதுவும் பூசவில்லை. பனியில் பட்டுத் திரும்பிய வெயிலில் நாடிக்குக் கீழும் மூக்குத் துவாரத்துக்குள்ளும் தோல் உரிந்தது.

பயிற்சி முடிந்ததும் கூட்டாளிகளோடு தனியாகப் பனியாற்றுக்குப் போகவேண்டாம், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். 2022, 2023 இரண்டே வருடத்தில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கனவளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. போன வருடம் நடந்த வழியில் இந்த வருடம் பிளவு திறந்திருக்கும், ஐஸ் இருந்த இடத்தில் கல் உருளும். முதல் இரண்டு, மூன்று கோடைக்காவது வழி தெரிந்தவரோடு கயிறு கட்டுங்கள்.

பனிக்கோடரி, நெற்றி விளக்கு, உறைப்பை மூன்றும் என்னிடம் இருக்கின்றன, வாங்கவேண்டாம், தருகிறேன். சப்பாத்தை மட்டும் உங்கள் காலுக்குச் சரியாக வாடகைக்கு எடுங்கள். பயிற்சிக்கு முன் அதைப் போட்டு இரண்டு நாளாவது நடந்து பாருங்கள்.