சிம்னிக் குழாயில் எண்ணெய் கசிந்தால் டேப்பை நம்பாதீர்கள்

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஆறு மாதங்களுக்கு முன் சமையலறைச் சிம்னி பொருத்தினோம். குழாய் சேரும் இடத்தில் எண்ணெய் கசிந்து, மேல் அலமாரி முழுவதும் பிசுக்காகிவிட்டது. இரண்டு முறை டேப் சுற்றினார்கள், இரண்டும் கழன்றுவிட்டன. எதைக் கொண்டு அடைத்தால் நிற்கும்?”

அம்மா, அடைப்பது இருக்கட்டும். சிம்னியை ஓடவிட்டு, குழாயின் வெளி முனையில் காற்று வேகமாக வருகிறதா என்று முதலில் பாருங்கள். எட்டாத உயரம் என்றால் எட்டிப் பார்க்க வேண்டாம், ஆளை அழையுங்கள். விசிறி சிம்னிக்குள்ளேயே இருப்பதால், அதற்கு மேலுள்ள குழாய்க்குள் காற்று முட்டிக்கொண்டு நிற்கிறது. வெளிமூடி பிசுக்கேறி ஒட்டிக்கொண்டாலும், வலையில் தூசி அடைத்துக்கொண்டாலும், அந்தக் காற்று இணைப்பின் இடுக்கு வழியாகத்தான் வரும். எந்த டேப்பும் அதைத் தாங்காது.

நான் அதிகம் பார்ப்பது சுவர்த் துளைக் கோளாறு. பெரும்பாலான சிம்னிகளுக்கு 6 அங்குலக் குழாய் வேண்டும். கட்டுநர் விட்டுவைப்பதோ 4 அங்குலத் துளை. பொருத்த வருபவர் குழாயைக் கசக்கி அதற்குள் திணித்துவிடுகிறார். காற்றுக்கான வழி அங்கேயே பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கேட்டால் கட்டுநர், சிம்னி நிறுவனத்தைக் கைகாட்டுவார். நிறுவனம், குழாய் வாரண்டியில் சேராது என்று சொல்லும். துளையைப் பெரிதாக்கச் சங்கம் கடிதம் கேட்கும். குழாயை மறைத்துப் பலகை அடித்த தச்சரை அதற்குள் தேடிப் பிடிக்க முடியாது. வீட்டுக்காரர் மட்டும் மாதக்கணக்கில் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டுமா? எழுத்தில் புகார் கொடுங்கள், விடாதீர்கள்.

“மோட்டார் போதாது, பெரியதாக மாற்றுங்கள்” என்று யாராவது சொன்னால் உடனே வாசலைக் காட்டுங்கள். அடைபட்ட குழாயில் பெரிய மோட்டாரை வைத்தால் கசிவுதான் கூடும்.

வழி சீரான பிறகு அடைக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழைய டேப்பை உரித்து, பாத்திர சோப்பும் வெந்நீரும் கொண்டு பிசுக்கைத் துடைத்து, ஈரமில்லாமல் காயவிடுங்கள். பெட்ரோல், தின்னர் இரண்டும் அடுப்படிக்குள்ளேயே வரக்கூடாது. மடிப்புக் குழாயைத் தொய்வில்லாமல் இழுத்து, மிச்சத்தை வெட்டிவிட்டு, சிம்னியின் வாய்மேல் இரண்டு அங்குலமாவது ஏற்றி, ஸ்டீல் கிளாம்ப் போட்டு முறுக்குங்கள். அதற்குமேல் அலுமினியத் தகடு டேப். கடையில் கவனம்: வெள்ளி நிறத்தில் துணி டேப் ஒன்றும் விற்கிறது. கிழித்தால் நூல் தெரியும். உங்களுக்குச் சுற்றியது பெரும்பாலும் அதுதான். சூட்டிலும் எண்ணெயிலும் பசை இளகிவிடும். எம்-சீல், சிமென்ட் எதையும் அப்பாதீர்கள். அடுத்த முறை சுத்தம் செய்யக் கழற்ற முடியாது. படுக்கையாகப் போகும் குழாய் வெளிப்பக்கம் சற்றே சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த எண்ணெய் திரும்பி வந்து இணைப்பில்தான் தேங்கும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அந்தக் குழாயில் கேஸ் கீசரின் புகையையும் சேர்த்து விட்டிருந்தால், கீசரை இன்றே நிறுத்துங்கள். செலவு மிச்சம் என்று இப்படி இணைத்துக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சிலிண்டர் கேஸில் கசிவு தெரிவதற்காக நாற்றம் சேர்க்கிறார்கள். கீசர் புகையில் வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உயிரையே எடுத்துவிடும். “கொஞ்சம்தான் கசிகிறது, டேப் போதும்” என்பார்கள். போதாது. ஜன்னலைத் திறந்துவைத்துக் குளித்தாலும் போதாது. கீசருக்குத் தனிக் குழாய், தனித் துளை, நேராக வெளியே. அது முடியும்வரை அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் சிம்னி மட்டும்தான் என்றால், வேலை முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, சிம்னியை முழு வேகத்தில் ஓடவிட்டு, இணைப்பைச் சுற்றி ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை எங்கே சிதறி ஓடுகிறதோ அங்கே இன்னும் இடுக்கு இருக்கிறது. புகை நேராக எழும்வரை பொருத்தியவருக்குப் பணத்தை முழுவதுமாகக் கொடுக்காதீர்கள்.