மே மாதம் சென்னையிலிருந்து ஊட்டிக்குக் குடும்பத்தோடு காரில் போக என்ன ஏற்பாடு வேண்டும்?

முதலில் இ-பாஸ். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். சீசனில் தினசரி வரம்பு உண்டு, அதனால் ரூம் போடும்போதே இதையும் எடுத்துவிடுங்கள்.

டயர் காற்றை முந்தின நாளோ காலையிலோ, டயர் சூடாகும் முன் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல கார்களில் அதில் இரண்டு அளவுகள் போட்டிருக்கும். ஐந்து பேரும் பெட்டிகளும் என்றால் முழுச் சுமைக்கான அளவு வையுங்கள். வெயிலில் ஓடிய டயரில் அழுத்தம் கூடுவது இயல்பு. கூடிவிட்டதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள், டயர் ஆறியதும் அழுத்தம் தேவைக்குக் குறைவாகிவிடும். ஸ்டெப்னியை மறக்க வேண்டாம். அதை எடுக்க டிக்கி முழுவதையும் காலி செய்ய நேராதபடி பெட்டிகளை அடுக்குங்கள்.

வழியில் சாப்பிடக் கட்டும் தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துப்போவது தயிர் அதிகமானதால்தான். குழைந்த சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்தால் சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். சூட்டோடு டப்பாவை மூடக்கூடாது. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்கள்தான். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை.

மேட்டுப்பாளையத்தில் குழந்தைகளுக்கு வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், இரண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரை டாக்டர் சொன்ன அளவில், மலை ஏறுவதற்கு அரைமணி முன்பே. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.