வைத்தது ஒரு கரு, வளர்வது இரண்டு

கேள்வி: ஐவிஎஃப் சிகிச்சையில் எனக்கு ஒரே ஒரு கருதான் வைத்தார்கள். ஏழாவது வார ஸ்கேனில் இரண்டு இதயத்துடிப்பு தெரிகிறது. சொல்லாமல் இரண்டு வைத்துவிட்டார்களோ என்கிறார் மாமியார். பயப்பட வேண்டுமா?

பதில்: மாமியாரின் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். கர்ப்பப்பைக்குள் வைத்த கரு தானாகவே இரண்டாகப் பிரிவதுண்டு. இயற்கையான கர்ப்பங்களில் இது 1,000-க்கு 4 பேருக்கு நடக்கும். ஐவிஎஃப்பில் 100-க்கு ஒன்றிரண்டு. ஐந்தாம் நாள் வரை வளர்த்து வைக்கும் பிளாஸ்டோசிஸ்ட் கருக்களில் இது சற்று அதிகம். அபூர்வமாக, அதே மாதம் இயற்கையாக ஒரு முட்டை வெளிவந்து, தாம்பத்திய உறவால் இன்னொரு கரு தரித்திருக்கவும் கூடும்.

சரி, நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இரண்டுக்கும் நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

கரு உருவான முதல் மூன்று நாட்களுக்குள் பிரிந்தால் நஞ்சுக்கொடி தனித்தனி. நான்கு முதல் எட்டு நாட்களில் பிரிந்தால் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. ஒரு கரு இரட்டையரில் பெரும்பாலோர் இந்த வகைதான். அதற்கும் பிந்தினால் பனிக்குடமும் ஒன்றே. அப்போது தொப்புள்கொடிகள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இதை 11 முதல் 14 வாரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். பிறகு கண்டுபிடிப்பது கடினம். குழந்தைகளுக்கு நடுவிலுள்ள சவ்வு, நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தில் தடித்து முக்கோணமாக விரிந்தால் நஞ்சுக்கொடி இரண்டு. மெல்லிசாக வந்து 'டி' எழுத்துபோல நேராக முட்டினால் ஒன்று. (வெளிநாடுகளில் ஆண், பெண் என்று வேறுபட்டாலே நஞ்சுக்கொடி இரண்டு என்று தெரிந்துவிடும், நம் சட்டப்படி பாலினம் சொல்லக் கூடாது. அதனால் இந்தச் சவ்வை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள்.) முடிவை ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள்.

நஞ்சுக்கொடி ஒன்று என்றால், இரு குழந்தைகளின் ரத்தக்குழாய்களும் அதற்குள் இணைந்திருக்கும். இப்படிப்பட்ட கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 15 வரை, பங்காளிகளின் பொதுக் கிணற்றில் ஒருவர் மட்டும் மோட்டார் போட்டு இறைத்த கதையாக, ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் போய்விடும். கொடுக்கும் குழந்தைக்குப் பனிக்குட நீர் வற்றும். வாங்கும் குழந்தைக்கு நீர் மிகுந்து இதயம் திணறும். அதனால்தான் 16-ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன். சீக்கிரம் தெரிந்தால், கருவிலேயே லேசர் மூலம் அந்த இணைப்புகளை அடைக்கலாம். இந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. கரு மருத்துவ நிபுணர் எங்கே இருக்கிறார் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

சிக்கல் இல்லாவிட்டால், நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு என்ற வகையில் 36-ஆவது வாரவாக்கில் பிரசவம் வைப்பார்கள். அதற்கு முன் வயிறு திடீரென்று பெருத்தாலோ, மூச்சு வாங்கினாலோ அடுத்த ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.