கிளி நாக்கில் வசம்பு தேய்க்கலாமா?

கேள்வி: பக்கத்து வீட்டுப் பச்சைக்கிளி, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே "யாரு?" என்கிறது. எட்டு வருஷமாக வளர்க்கும் எங்கள் நாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லை. கிளியின் நாக்கில் வசம்பு தேய்த்தால் பேசும் என்கிறார் பாட்டி. உண்மையா? நானும் ஒரு கிளி வாங்கலாமா? — வாசகி, தேனி

பதில்: பாட்டி கோபித்துக்கொள்ள வேண்டாம், வசம்புக்கு இதில் வேலையே இல்லை.

நமக்குக் குரல் தொண்டையில் பிறக்கிறது. கிளிக்கு அதற்கும் கீழே, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில். அங்கிருந்து வரும் ஒலியை அதன் தடித்த நாக்கு வளைத்துக் கொடுக்கிறது. உதடே இல்லாமல் 'அம்மா' சொல்லிவிடுகிறது பாருங்கள்!

ஆனால் சூட்சுமம் மூளையில் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு தம்பதி விக்கி என்ற சிம்பன்சிக் குட்டியைப் பிள்ளைபோல் வளர்த்தார்கள். உதட்டைக் கையால் பிடித்து அசைத்துச் சொல்லிக்கொடுத்தும், 'மாமா', 'பாப்பா', 'கப்' என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வந்தது, அதுவும் வெறும் காற்றாக. குரங்கு, நாய், பூனைக்கெல்லாம் கத்தல் பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. கிளியோ காதில் விழுந்ததை மனதில் வைத்து, தானே சொல்லிப் பார்த்து, திருத்திக்கொள்கிறது. அதற்கென்றே மூளையில் தனிப் பகுதிகள் உண்டு. அவற்றைச் சுற்றி இன்னொரு அடுக்கும் இருப்பதை 2015-ல் கண்டுபிடித்தார்கள். அது கிளி இனத்துக்கே உரியது.

காட்டில் இந்தத் திறமை கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ள உதவுகிறது. கூண்டுக்குள் வந்தபின் வீட்டு மனிதர்கள்தான் அதற்குக் கூட்டம். செருப்புச் சத்தத்துக்கு அவர்கள் "யாரு?" என்றால் அதுவும் "யாரு?" என்கிறது.

வேறு விலங்கே பேசாது என்றும் சொல்ல முடியாது. தென்கொரிய மிருகக்காட்சி சாலையில் கோஷிக் என்ற ஆண் யானை, தும்பிக்கையை வாய்க்குள் விட்டு, 'அன்யோங்' (வணக்கம்) உட்பட ஐந்து கொரியச் சொற்களைச் சொல்லும். சிறுவயதில் சுமார் ஐந்து வருஷம் அங்கே அதற்கு வேறு யானைத் துணையே இல்லை.

கிளி வாங்குவதா? 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைப் பிடிப்பது, விற்பது, கூண்டில் வளர்ப்பது எல்லாமே குற்றம். பக்கத்து வீட்டுக்காரர் காதிலும் இதை மெதுவாகப் போட்டுவையுங்கள். ஆசை விடவில்லை என்றால், கடையில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் பட்ஜெரிகர் என்ற சின்னக் கிளி இருக்கிறது. அந்த இனத்தைச் சேர்ந்த பக் என்ற பறவைதான் 1,728 சொற்களோடு கின்னஸில் ஏறியது. ஆண் குஞ்சாக வாங்கி, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்கொடுங்கள். ஜோடியாக வாங்கினால் இரண்டும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கும். உங்களை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது.