பில்லில் இருப்பது மாணிக்கமா, கெம்பா?

கேள்வி: நாங்கள் காவேரிப்பட்டணம். என் கணவர் மாங்காய் வியாபாரம் செய்கிறார். ஜோசியர் சொன்னதால் சென்ற ஆண்டு கிருஷ்ணகிரியில் ஒரு நகைக்கடையில் அவருக்கு மாணிக்க மோதிரம் வாங்கினோம். மொத்தம் 84,000 ரூபாய். கல்லுக்கு மட்டும் 62,000. "பர்மா கல், ஒரிஜினல்" என்றார் முதலாளி. போட்ட நாளில் இருந்து மண்டியில் நஷ்டம்தான். மோதிரம் இறுக்கமாக இருந்ததால் பெரிதாக்கப் பத்தரிடம் கொடுத்தோம். தீ பட்டதும் கல் வெளுத்து, உள்ளே வலை பின்னியது போல் ஆகிவிட்டது. "கண்ணாடி ரொப்பின கல்" என்கிறார் பத்தர். "அவர்தான் கெடுத்தார்" என்கிறார் கடைக்காரர். 25,000 தருகிறாராம். பதினைந்து வருஷமாக அண்ணா என்று கூப்பிட்ட மனிதர் இப்படிச் செய்துவிட்டார். கோர்ட்டுக்கு இழுக்கலாமா?

பதில்: அம்மா, மண்டி நஷ்டத்தையும் ஜோசியரையும் அண்ணன் உறவையும் தள்ளி வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் யாரும் அதைக் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். எனக்கு வேண்டியதை நீங்கள் எழுதவே இல்லை: பில்லில் கல்லுக்கு என்ன பெயர், என்ன எடை போட்டிருக்கிறது?

"மாணிக்கம்" என்று இருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் தெம்பு. "கெம்பு 1" என்று இருந்தால் வேறு கதை. நம் ஊரில் பலருக்குக் கன்னடம் தெரியும். கெம்பு என்றால் அங்கே சிவப்பு, அவ்வளவுதான். நகைத்தொழிலிலும் செயற்கைச் சிவப்புக் கல்லைக் கெம்பு என்றே விற்கிறார்கள். "சிவப்புக் கல் என்று எழுதினேன், சிவப்புக் கல் கொடுத்தேன்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் சிரிக்காமல் வாதாடுவார். மோதிரத்தில் ஹால்மார்க் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அது தங்கத்தின் தரத்துக்கு. கல்லுக்கு அது எதுவும் சொல்வதில்லை. "பர்மா" வாயால் சொன்னது, விட்டுவிடுங்கள். கல் ஐந்து கேரட் அளவில் இருந்தால், நல்ல பர்மா மாணிக்கம் 62,000-க்கு வராது என்பதை அவர்கள் வக்கீலே உங்களிடம் குறுக்கு விசாரணையில் கேட்பார்.

பத்தர் சொன்னது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். மாணிக்கத்தைச் சூடேற்றி நிறம் கூட்டுவது தொழிலில் எல்லோரும் ஏற்றுக்கொண்டது. விரிசல் நிறைந்த மலிவான கல்லில் ஈயக் கண்ணாடியை உருக்கி ரொப்புவது அப்படியல்ல. அது பத்தரின் தீக்கும் நிற்காது, எலுமிச்சைச் சாறுக்கும் நிற்காது. இதைச் சொல்லாமல் மாணிக்க விலைக்கு விற்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிகம்தான். சட்டம் உங்கள் பக்கம். சாட்சியம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

என் தர்மபுரிக் கட்சிக்காரர் ஒருவர் இங்கேதான் விழுந்தார். புஷ்பராகம் வாங்கினார், சந்தேகம் வந்தது. மோதிரத்தைப் பிரித்துக் கல்லைப் பொட்டலம் கட்டி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சோதனைக் கூடத்துக்குப் போனார். செயற்கைக் கல் என்று அட்டை கொடுத்தார்கள். தலைகால் புரியாத சந்தோஷம் அவருக்கு. பில்லில் கல் 4.60 கேரட், அட்டையில் 4.31. எதிர்த்தரப்பு கேட்டது ஒரே கேள்வி: "என் கட்சிக்காரர் விற்ற கல் இதுதான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" பதில் இல்லை. அட்டை உண்மை. ஆனால் அது எந்தக் கல்லுக்கான அட்டை?

உங்கள் நிலைமை இன்னும் சிக்கல். கல்மேல் மூன்றாவது கை பட்டுவிட்டது. பற்றவைக்கப் போடும் வெங்காரம் தீயோடு சேர்ந்தால் அசல் மாணிக்கத்தின் மேற்பரப்பையும் அரிக்கும். கடைக்காரர் அதைப் பிடித்துக்கொள்வார். பத்தர் வந்து பிரமாணப் பத்திரம் கொடுப்பாரா? என் அனுபவத்தில், நகைக்கடைக்கு எதிராகப் பத்தர் கூண்டில் ஏறிச் சொன்னதில்லை. நாளைக்கு அவருக்கு வேலை கொடுப்பதே அந்தக் கடைகள்தானே.

அதனால் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். பில்லில் மோதிரத்தின் மொத்த எடையும் நிகர தங்க எடையும் தனித்தனியாக இருக்கும். கழித்துப் பாருங்கள். 6.840 கிராமில் தங்கம் 5.820 என்றால் கல் 1.020 கிராம், ஒரு கேரட் 200 மில்லிகிராம், ஆக 5.10 கேரட். இப்போது இருக்கும் கல்லின் எடை அதோடு ஒட்டி வந்தால்தான் வழக்கு நிற்கும். கல் இன்னும் மோதிரத்திலேயே இருந்தால் தொடாதீர்கள், கழுவக்கூட வேண்டாம். நீங்களாகச் சோதனைக்கு அனுப்பவும் வேண்டாம். வழக்குப் போட்டு, அதே சட்டத்தின் 38-வது பிரிவின்படி ஆணையமே முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும்படி மனுப் போட வேண்டும். அந்தக் கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

சரிபார்க்கிறேன் என்று கடைக்காரர் மோதிரத்தைக் கேட்பார். அண்ணன்தானே என்று கொடுத்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் கடைப் பெயரைப் போட்டுத் திட்டவும் வேண்டாம். அவதூறு என்று அவர் திருப்பி அடிக்க நீங்களே கல் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசமாகப் போங்கள். பில்லில் மாணிக்கம் என்று இருந்து எடையும் ஒத்துவந்தால் 45,000 கேளுங்கள், 40,000-க்கு முடியுங்கள். கெம்பு என்று இருந்தால் அந்த 25,000-ஐ அவர் மனம் மாறுவதற்குள் வாங்குங்கள். தங்கம் எப்படியும் உங்களிடம்தான். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் "முழுத் திருப்தி" என்ற தாளில் கையெழுத்து. அவர் இழுத்தடித்தால், வழக்குப் போட வாங்கிய தேதியில் இருந்து இரண்டு வருஷம் என்று நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி என்று தெரிந்தது பிறகுதான் என்ற வாதத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். சென்ற ஆண்டு என்று சொன்ன நீங்கள் தேதியைச் சொல்லவில்லை, பில்லை எடுத்துப் பாருங்கள்.